‘ஆதரவு’ யாருடையது? சமூக லினக்ஸ் வழங்கல்களின் பொதிப் பகுப்பு குறித்த ஒரு திறனாய்வு

1. முன்னுரை

2018ஆம் ஆண்டளவில் தமிழ் அச்சு நூல்களை எண்ணிமப்படுத்திய ஓர் ஆய்வு நூலகத்தின் கணினியை எண்ணிப் பார்ப்போம். அதில் உபுண்டு என்னும் லினக்ஸ் வழங்கலின் நீண்டகால வெளியீடு நிறுவப்பட்டிருக்கிறது. வருடிய பக்கப் படிமங்களை எழுத்தாக மாற்றுவதற்கு டெசராக்ட் என்னும் எழுத்துணரியும் அதற்குரிய தமிழ்த் தரவும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நூலகர் இற்றைப்படுத்தும் கருவியை இயக்குகிறார். கணினி முழுவதும் இற்றை நிலையில் உள்ளது என்று அக்கருவி அறிவிக்கிறது. அவர் மனநிறைவோடு அடுத்த நூலை வருடச் செல்கிறார்.

அவ்வறிவிப்புப் பொய்யன்று. எனினும் அது சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. டெசராக்ட், உபுண்டுவில் ‘யுனிவர்ஸ்’ எனப்படும் பகுதியைச் சேர்ந்தது. அப்பகுதியிலுள்ள பொதிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் அளிப்பதாக உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் அக்காலத்தில் வாக்களித்திருக்கவில்லை. தன்னார்வலர் எவரேனும் திருத்தம் அளித்திருந்தால் கருவி அதனைக் காட்டியிருக்கும். எவரும் அளிக்காவிடின் காட்டுவதற்கு ஒன்றும் இராது. குறை இல்லாத நிலையும், குறை இருந்தும் திருத்துவார் இல்லாத நிலையும் திரையில் ஒன்றுபோலவே தோன்றின. இக்கட்டுரையாளரும் அத்தகைய கணினியொன்றைப் பல ஆண்டுகள் நம்பிப் பணியாற்றியவரே.

இதே டெசராக்ட், இதே தமிழ்த் தரவு, டெபியன் என்னும் வழங்கலில் ‘மெயின்’ என்னும் முதன்மைப் பகுதியில் உள்ளன. அங்கு அவை நிலையான வெளியீட்டின் பாதுகாப்புக் குழு பொறுப்பேற்கும் எல்லைக்குள் அடங்குகின்றன. மூல நிரல் ஒன்றே. ஆயினும் அது ஓரிடத்தில் ஆதரிக்கப்பட்டதாகவும் மற்றோரிடத்தில் ஆதரிக்கப்படாததாகவும் நின்றது. எனவே ‘ஆதரிக்கப்பட்டது’ என்பது பொதியின் பண்பு அன்று. அது ஒருவர் மற்றொருவருக்கு அளிக்கும் வாக்குறுதி. வாக்களித்தவர் யார், எதற்காக வாக்களித்தார், எதுவரை வாக்களித்தார் என்னும் மூன்றும் தெரியாவிடின் அச்சொல்லுக்குப் பொருளில்லை. டெபியன், உபுண்டு, ஆர்ச் ஆகிய மூன்று வழங்கல்களும் இம்மூன்று செய்திகளையும் பயனருக்கு எவ்வளவு தெளிவாகச் சொல்கின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அதனூடே ‘ஆதரவு’ என்னும் தமிழ்ச் சொல்லாக்கத்தின் பொருத்தமும் ஆராயப்படுகிறது.

2. வழங்கலும் தொகைநூலும்

லினக்ஸ் கருவை அடிப்படையாகக் கொண்டு, பல்வேறு ஆசிரியர்கள் எழுதிய ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் திரட்டி, அவை ஒன்றோடொன்று இயைந்து இயங்குமாறு செய்து வெளியிடும் தொகுப்பே வழங்கல் எனப்படுகிறது. அதில் அடங்கும் ஒவ்வோர் அலகும் ஒரு பொதி. மென்பொருளை எழுதியவர் ஒருவர். அதனைப் பொதியாக்கி வழங்கலில் சேர்க்கும் பராமரிப்பாளர் வேறொருவர். அவ்வுழைப்புக்குப் பொருளும் இடமும் தருகின்ற நிறுவனமோ சமூகமோ மூன்றாமவர்.

தமிழ் மாணவர்க்கு இம்மூவகைப் பகுப்பு புதிதன்று. பாடினோர், தொகுத்தார், தொகுப்பித்தார் என்று சங்கத் தொகைநூல்கள் பற்றிய மரபுக் குறிப்புகள் பிரித்தே கூறுகின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. குறுந்தொகைக்குத் தொகுத்தவராகப் பூரிக்கோவின் பெயர் கிடைக்கிறது. தொகுப்பித்தவர் பெயர் கிடைக்கவில்லை. நற்றிணைக்குத் தொகுப்பித்தவராகப் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதியின் பெயர் கிடைக்கிறது. தொகுத்தவர் பெயர் கிடைக்கவில்லை. எப்பெயர் கிடைத்தது, எப்பெயர் கிடைக்கவில்லை என்பதையும் நம் பதிப்பாசிரியர்கள் முன்னுரையில் பதிவு செய்தார்கள். நூல் பற்றிய அறிவில் அதுவும் ஒரு பகுதி என்று அவர்கள் கருதினார்கள்.

மென்பொருள் வழங்கலை மதிப்பிடவும் இந்த அளவுகோல் பயன்படும். பொதியின் பெயரும் பதிப்பெண்ணும் தெரிந்தால் போதாது. தொகுத்தவர் இன்னும் அதனைக் கவனித்து வருகிறாரா, தொகுப்பித்தவர் எதற்குப் பொறுப்பேற்றுள்ளார் என்பனவும் தெரிதல் வேண்டும்.

3. டெபியன்: பகுப்பும் ஒப்புதலும்

டெபியன் 1993ஆம் ஆண்டு இயன் மர்டாக்கினால் தொடங்கப்பட்டது. 1997இல் அது தனது சமூக ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. சிக்கல்களை மறைப்பதில்லை என்பது அவ்வொப்பந்தத்தின் உறுதிமொழிகளுள் ஒன்று. கட்டற்ற மென்பொருளுக்கான தனது வரையறைக்கு உட்பட்டவற்றை டெபியன் ‘மெயின்’ என்னும் பகுதியில் வைக்கிறது. தாம் கட்டற்றவையாயினும் கட்டுப்பாடுடைய பிறவற்றைச் சார்ந்து இயங்குவன ‘கான்ட்ரிப்’ பகுதியிலும், உரிம வகையால் கட்டற்றவை அல்லாதன ‘நான்ஃபிரீ’ பகுதியிலும் வைக்கப்படுகின்றன. வன்பொருள் இயங்குவதற்குத் தேவையான நிலைபொருள்களுக்கெனத் தனிப்பகுதி ஒன்று 2022ஆம் ஆண்டின் வாக்கெடுப்பிற்குப் பின், 2023இல் வெளியான டெபியன் 12 முதல் இடம்பெறுகிறது.

இப்பகுப்பின் அடிப்படை உரிமம், பராமரிப்பு அன்று. ஆயினும் இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. கான்ட்ரிப், நான்ஃபிரீ ஆகியவை டெபியனின் அதிகாரபூர்வமான பகுதிகள் அல்ல என்பதால் அவை பாதுகாப்புக் குழுவின் பொறுப்புக்கு வெளியே நிற்கின்றன. மூல நிரலோ திருத்தி வெளியிடும் உரிமையோ இல்லாத பொதியில் குறை தெரிந்தாலும் பிறர் அதனைத் திருத்த இயலாது. உரிமம் பற்றிய வினா இவ்வாறு பராமரிப்புப் பற்றிய வினாவாகவும் ஆகிவிடுகிறது.

மெயின் பகுதிக்குள்ளும் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல என்பதை டெபியன் தானே ஒப்புக்கொள்கிறது. 2023ஆம் ஆண்டு வெளியீட்டில் 64,419 பொதிகள் இருந்தன. அத்தனைக்கும் ஒரே அளவில் பொறுப்பேற்பது எந்தத் தன்னார்வக் குழுவுக்கும் எளிதன்று. ஆகவே பாதுகாப்பு ஆதரவு முடிந்துபோன பொதிகளையும், வரையறைக்கு உட்பட்ட ஆதரவு மட்டுமே பெறும் பொதிகளையும் பட்டியலிடும் தனிப்பொதி ஒன்றை டெபியன் வழங்குகிறது. அதனை நிறுவினால், நம் கணினியில் உள்ளவற்றுள் எவை அப்பட்டியலில் இடம்பெறுகின்றன என்பதை அறிந்துகொள்ளலாம். எடுத்துக்காட்டாக, நிரலாக்கத்தின் அடிப்படைக் கருவித் தொகுதிகளுள் ஒன்றாகிய பின்யூட்டில்ஸ், நம்பத்தகுந்த உள்ளீட்டோடு மட்டுமே பயன்படுத்தத்தக்கது என்று அங்கு குறிக்கப்பட்டுள்ளது. ‘ஆதரவு உண்டு’, ‘ஆதரவு இல்லை’ என்ற இரண்டோடு நில்லாமல் ‘இன்ன பயன்பாட்டிற்கு மட்டும் உண்டு’ என்று எல்லை வகுத்துச் சொல்வது நேர்மையான விளக்கமுறை.

காலமும் இவ்வாறே பகுக்கப்பட்டுள்ளது. நிலையான வெளியீட்டிற்குப் பாதுகாப்புக் குழு ஏறத்தாழ மூன்றாண்டுகள் பொறுப்பேற்கிறது. 2014இல் தொடங்கிய நீண்டகால ஆதரவுத் திட்டம் அதனை ஐந்தாண்டு வரை நீட்டிக்கிறது. ஆனால் இந்நீட்டிப்பைச் செய்வது அதே பாதுகாப்புக் குழு அன்று. தன்னார்வலரும் நிறுவனங்களும் சேர்ந்த வேறொரு குழு அதனை மேற்கொள்கிறது. வழங்கலின் பெயர் மாறுவதில்லை, பொறுப்பாளர் மாறுகிறார்.

டெபியன் மீதான நம் குறை வேறு வகையானது. மேற்கண்ட பட்டியல் தரும் பொதி இயல்பான நிறுவலில் தானாக வந்து பயனரின் கண்ணில் படுவதில்லை. அதன் இருப்பை முன்னரே அறிந்தவர்க்குத்தான் அது பயன்படுகிறது. மறைப்பதில்லை என்னும் உறுதிமொழி காப்பாற்றப்பட்டுள்ளது. ஆனால் மறைக்காதிருப்பது ஒன்று, முன்வந்து சொல்வது மற்றொன்று.

4. உபுண்டு: பெயர்கள் சொல்வதும் சொல்லாததும்

2004 அக்டோபரில் முதன்முதலாக வெளியான உபுண்டு, டெபியனிலிருந்து கிளைத்தது. அதன் பகுப்பில் அளவுகோல்கள் இரண்டு. மென்பொருள் கட்டற்றதா என்பது ஒன்று. கனோனிக்கல் அதற்குப் பொறுப்பேற்கிறதா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்து நான்கு அறைகளை உண்டாக்குகின்றன. கட்டற்றதும் பொறுப்பேற்கப்பட்டதும் மெயின். கட்டற்றதல்லாத, ஆயினும் இயன்றவரை பொறுப்பேற்கப்படும் இயக்கிகள் ரெஸ்ட்ரிக்டட். கட்டற்றதும் சமூகத்தின் பராமரிப்பில் உள்ளதும் யுனிவர்ஸ். இரண்டும் அல்லாதது மல்டிவர்ஸ்.

ஏரணத்தால் இது டெபியனின் பகுப்பைவிட நிறைவானது. பராமரிப்பு என்னும் வினாவை உரிமத்திலிருந்து பிரித்து அதற்கெனத் தனி இடம் தந்தது உபுண்டுவே. ஆனால் அறைகளுக்கு இட்ட பெயர்களில் குறை உண்டு. ‘யுனிவர்ஸ்’ என்னும் சொல் விரிவைச் சொல்கிறது, பொறுப்பின்மையைச் சொல்லவில்லை. அண்டம் முழுவதும் தமக்குத் திறந்திருப்பதாகப் பயனர் மகிழலாமே தவிர, வாக்குறுதியின் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று அவர் உணர்வதற்கு அப்பெயரில் எக்குறிப்பும் இல்லை. இன்றைய மேசைக்கணினி நிறுவலில் மெயினும் யுனிவர்ஸும் தொடக்கத்திலிருந்தே ஒருங்கே திறந்துள்ளன. எல்லைக்கோட்டைக் கடக்கும்போது எந்த எச்சரிக்கையும் எழுவதில்லை. பொதியின் விவரக் குறிப்பில் பிரிவைச் சொல்லும் வரியின் தொடக்கத்தில் நிற்கும் ஒரு முன்னொட்டே அடையாளம்.

இப்பகுப்பின் நடைமுறை விளைவையும் அறிதல் வேண்டும். யுனிவர்ஸ் பொதிகளுட் பெரும்பாலானவை டெபியனிலிருந்து மாற்றமின்றி எடுக்கப்படுகின்றன. வெளியீட்டிற்கு முன் ஒரு கட்டத்தில் அந்த வரத்து நிறுத்தப்படுகிறது. அதன்பின் டெபியன் தனது பொதியைத் திருத்தினாலும், அத்திருத்தம் ஏற்கெனவே வெளியான உபுண்டுவுக்குத் தானாக வந்து சேராது. ஒருவர் முன்வந்து அதனைப் பொருத்திச் சோதித்து அனுப்புதல் வேண்டும். மெயின் பகுதியில் அந்த ஒருவர் ஊதியம் பெறுபவர். யுனிவர்ஸில் அவர் இருக்கவும் கூடும், இல்லாமற்போகவும் கூடும்.

எல்லையை முழு வாக்கியத்தில் சொன்ன காலமும் உபுண்டுவின் வரலாற்றில் உண்டு. 2016இல் கைவிடப்பட்ட பழைய உபுண்டு மென்பொருள் மையத்தில், யுனிவர்ஸ் பொதியொன்றின் பக்கத்தைத் திறந்தால், கனோனிக்கல் இதற்கு இற்றைப்பாடு வழங்குவதில்லை, சமூகம் சிலவற்றை வழங்கலாம் என்னும் கருத்துடைய குறிப்பு இருந்தது. மெயின் பொதியாயின் எந்நாள் வரை இற்றைப்பாடு கிடைக்கும் என்று குறிக்கப்பட்டிருந்தது. அவ்வாக்கியங்களில் எழுவாய் இருந்தது, காலமும் இருந்தது. கலைச்சொல்லறிவு இல்லாதவரும் அதனைப் படித்து முடிவெடுக்க இயன்றது. உபுண்டு தன் எல்லையைப் பற்றிப் பயனருக்குச் சொன்னவற்றுள் மிகச் சிறந்தது அதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கட்டளைவரிப் பயனருக்கு ‘ஆதரவு நிலை’ என்னும் பெயருடைய ஒரு கருவி நெடுங்காலம் இருந்தது. நிறுவப்பட்ட பொதிகளுள் எத்தனை எதுவரை ஆதரிக்கப்படுகின்றன, எத்தனை ஆதரிக்கப்படவில்லை என்று அது எண்ணிக் காட்டியது. 2020ஆம் ஆண்டளவில் அதன் இடத்தில் ‘பாதுகாப்பு நிலை’ என்னும் கருவி வந்தது. பின்னர் அப்பணி உபுண்டு புரோ என்னும் சந்தாவுக்குரிய கருவிக்குச் சென்றது. 2022 அக்டோபரில் முன்னோட்டமாக வந்து 2023 ஜனவரியில் பொதுவாக்கப்பட்ட அச்சந்தா, யுனிவர்ஸ் பொதிகளையும் உட்படுத்திப் பத்தாண்டுக் காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் அளிக்கிறது. தனிநபருக்கு ஐந்து கணினி வரை கட்டணமில்லை. மெயினுக்கு அப்பால் 23,000க்கும் மேற்பட்ட பொதிகளை இது உள்ளடக்குவதாகக் கனோனிக்கல் கூறுகிறது.

இம்மாற்றத்தை வணிக நோக்கம் என்று மட்டும் ஒதுக்குவது முறையன்று. முன்னர் எவரும் பொறுப்பேற்காதிருந்த பெரும்பரப்புக்கு இப்போது ஒரு பொறுப்பாளர் கிடைத்துள்ளார். மேலும், சந்தாவில் சேராத கணினியின் இற்றைப்படுத்தும் கருவியும், புரோ வழியாகக் கிடைக்கக்கூடிய திருத்தங்கள் இத்தனை என்று இன்று அறிவிக்கிறது. அவ்வறிவிப்பை விளம்பரம் என்று பயனர் பலர் வெறுத்தனர். ஆயினும் 2018இல் நம் நூலகருக்குச் சொல்லப்படாத செய்தி அதில் முதன்முறையாகச் சொல்லப்படுகிறது. விற்பதற்கு ஒன்று கிடைத்த பின்னரே அச்செய்தி திரைக்கு வந்தது என்பதுதான் வருத்தத்திற்குரியது. எல்லைக்கோடு 2004 முதலே இருந்தது.

5. ஆர்ச்: வெளிப்படையான மறுப்பு

2002இல் தோன்றிய ஆர்ச் லினக்ஸ் மூன்றாவது வழியைத் தேர்ந்தது. அதிகாரபூர்வக் களஞ்சியங்களில் உள்ளவை பொறுப்பாளர்கள் கையொப்பமிட்டு வெளியிடும் பொதிகள். அவற்றிற்கு வெளியே ஆர்ச் பயனர் களஞ்சியம் உள்ளது. அங்கு எவரும் கணக்குத் தொடங்கிப் பொதியாக்கக் குறிப்பை இடலாம். இடப்படுவது இயங்கத் தயாரான பொதியன்று. மூலத்தைப் பெற்றுப் பொதியாக்கும் செய்முறைக் குறிப்பு மட்டுமே. அது பயனர் ஆக்கிய உள்ளடக்கம், அதனைப் பயன்படுத்துவதால் வரும் இடர் பயன்படுத்துவோருடையது என்று முகப்பிலேயே அறிவிக்கப்பட்டுள்ளது. அதிகாரபூர்வக் களஞ்சியங்களில் இல்லாத பொதிகள் எவை என்று பொதி மேலாளரைக் கேட்டால் அவற்றை மட்டும் பிரித்துக் காட்டும்.

பெயரிடலில் இது நேர்மையானது. ஆனால் நேர்மையான அறிவிப்பினால் மட்டும் இடர் குறைந்துவிடுவதில்லை. 2018 ஜூலையில், பராமரிப்பாளர் கைவிட்டிருந்த பிடிஎஃப் படிப்பான் பொதி ஒன்றை ஒருவர் தம்முடையதாக ஏற்றுக்கொண்டு அதில் தீங்குநிரலைச் சேர்த்தார். 2025 ஜூலையில், உலாவிகளின் திருத்தப்பட்ட வடிவம் எனப் பெயர் சூட்டப்பட்ட மூன்று பொதிகள் தொலைவிலிருந்து கணினியைக் கைப்பற்றும் தீங்குநிரலைக் கொண்டிருந்தமை கண்டறியப்பட்டு, இரு நாள்களில் நீக்கப்பட்டன. செய்முறைக் குறிப்பை வாசித்த பின்னரே நிறுவ வேண்டும் என்பது ஆர்ச்சின் அறிவுரை. இப்பணியை எளிதாக்கும் துணைக்கருவிகளோ அதிகாரபூர்வப் பொதியையும் பயனர் பொதியையும் ஒரே கட்டளையால் நிறுவ வழிசெய்து, வாசிக்கும் பழக்கத்தைக் குறைத்துவிடுகின்றன. முகப்பில் எழுதப்பட்ட எச்சரிக்கையைப் பின்வாயில் வழியே வருவோர் காண்பதில்லை.

மற்றொன்றும் இங்கு நோக்கத்தக்கது. கணினியில் உள்ளவற்றுள் சிலவற்றை மட்டும் இற்றைப்படுத்துவதையும் ஆர்ச் ‘ஆதரிக்கப்படாதது’ என்கிறது. இவ்விடத்தில் அச்சொல் பொதியைக் குறிக்கவில்லை. பயனரின் செயலைக் குறிக்கிறது. ஒரே வழங்கலின் ஆவணங்களுக்குள்ளேயே ஒரு சொல் இரு பொருளில் வழங்கும்போது வாசகர் தடுமாறுவது இயல்பு.

6. வாக்குறுதி எதனைக் காக்கும்?

ஆதரிக்கப்பட்ட பொதி குறையற்றது என்று கொள்வது பிழை. 2006இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில், பொதியாக்கியவரே செய்த ஒரு மாற்றம், மறையாக்கத் திறவுகோல்களை ஊகித்தறியக்கூடியனவாக ஆக்கிவிட்டது. ஒரே வகையும் ஒரே அளவும் உடைய திறவுகோல்களில் 32,767 வேறுபாடுகள் மட்டுமே அமைய இயன்றது. இது 2008 மே 13 அன்றே வெளிப்பட்டது. மூல ஆசிரியரின் பாடத்தில் இல்லாத பிழையைத் தொகுத்தவரின் கை உண்டாக்கியது. பாடத்திருத்தம் என்று எண்ணி ஏடெழுதுவோர் செய்த பிழைகளை அறிந்த நமக்கு இது விளங்காததன்று. அப்பொதி மெயின் பகுதியைச் சேர்ந்தது. முழு ஆதரவு பெற்றது. ஆதரவு அப்பிழையைத் தடுக்கவில்லை. ஆனால் பிழை தெரிந்தவுடன் அறிவிப்பு வெளியிடவும், திருத்திய பொதியை அனுப்பவும், வலுவற்ற திறவுகோல்களைக் கண்டறியும் பட்டியலை வழங்கவும் ஒரு குழு இருந்தது. ஆதரவின் பயன் பிழையின்மையன்று. பிழை நேர்ந்தபின் பதில் சொல்வார் ஒருவர் இருத்தல்.

2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட எக்ஸ்இசட் நிகழ்ச்சி மற்றோர் எல்லையைக் காட்டுகிறது. பெரும்பாலான வழங்கல்கள் அடிப்படைப் பொதியாகக் கொண்ட அச்சுருக்குக் கருவியை மூலத்தில் நெடுங்காலம் ஏறத்தாழ ஒருவரே கவனித்து வந்தார். அவருக்கு உதவ வந்து இரண்டாண்டுகளுக்கு மேலாக நம்பிக்கை பெற்ற மற்றொருவர் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழியைப் புகுத்தினார். தொலைநுழைவில் ஏற்பட்ட அரைநொடித் தாமதத்தை ஐயுற்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர் அதனைக் கண்டறிந்தார். டெபியனின் நிலையான வெளியீட்டை அப்பதிப்புகள் எட்டவில்லை. சோதனை நிலையில் இருந்த கிளைகளை எட்டியிருந்தன. வழங்கலின் அடையாளம் பொதியாக்கியவரின் பொறுப்பைத்தான் சொல்கிறது. மூல ஆசிரியரின் தனிமையை அது சொல்வதில்லை.

காலவரையறையும் அசைக்க இயலாததன்று. சென்டோஸ் லினக்ஸ் 8 வெளியானபோது 2029 வரை அது பராமரிக்கப்படும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 2020 டிசம்பர் 8 அன்று, 2021 டிசம்பர் 31 உடன் அது முடிவுறும் என்று அறிவிக்கப்பட்டது. அதனை நம்பித் திட்டமிட்டிருந்த ஆய்வுக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் ஓராண்டுக்குள் மாற்று வழி தேட நேர்ந்தது. சமூகத்தின் பெயரால் வழங்கிய வாக்குறுதியின் கால அளவை ஒரு நிறுவனத்தின் முடிவால் மாற்ற இயன்றது. ஆகவே யார் வாக்களித்தார் என்னும் வினா, எதுவரை என்னும் வினாவுக்கு முன்னரே கேட்கத்தக்கது.

7. ‘ஆதரவு’ என்னும் சொல்லாக்கம்

தமிழ்க் கணிமையில் இக்கருத்துக்கு ‘ஆதரவு’ என்னும் சொல் வழங்கி வருகிறது. அன்பு, அரவணைப்பு, பற்றுக்கோடு, புரவலர் துணை, தேர்தலில் அளிக்கும் இசைவு எனப் பரந்த பொருட்புலம் உடையது அச்சொல். இடைமுகத் தமிழாக்கங்களில் அது குறைந்தது மூன்று பணிகளைச் செய்கிறது. ‘இவ்வகைக் கோப்பு ஆதரிக்கப்படவில்லை’ என்னுமிடத்தில் இயலாமையைக் குறிக்கிறது. ‘ஆதரவு மையம்’ என்னுமிடத்தில் உதவியைக் குறிக்கிறது. ‘ஆதரிக்கப்படும் பொதி’ என்னுமிடத்தில் காலவரையறை உடைய கடமையைக் குறிக்க வேண்டும். ஆனால் தமிழ் வாசகர் அதில் கடமையைக் கேட்பதில்லை, நல்லெண்ணத்தையே கேட்கிறார்.

எதிர்மறை வடிவம் இன்னும் இடர்ப்பாடானது. ‘ஆதரவற்ற’ என்றவுடன் நம் மனத்தில் எழுவது பெற்றோரும் உற்றாரும் இல்லாத நிலை. மென்பொருள் வழங்கல்களிலோ கைவிடப்பட்ட பொதி என்பது தனியொரு நிலை. டெபியனில் பராமரிப்பாளர் விலகிய பொதி, தரக்குழுவின் பெயரில் மெயின் பகுதியிலேயே நீடிக்கலாம். பாதுகாப்புக் குழுவின் பொறுப்பு அதற்கும் உண்டு. அது கைவிடப்பட்டது, ஆயினும் ஆதரிக்கப்படுவது. மறுதலையாக, யுனிவர்ஸ் பொதியொன்றுக்கு ஊக்கமுள்ள தன்னார்வப் பராமரிப்பாளர் இருக்கலாம். நிறுவனத்தின் வாக்குறுதி இராது. அது ஆதரிக்கப்படாதது, ஆயினும் கைவிடப்பட்டதன்று. இவ்விரு நிலைகளையும் ‘ஆதரவற்ற’ என்னும் ஒரே சொல்லால் சுட்டினால் ஆவணத்தின் பொருளே சிதைந்துவிடும்.

கடமையைக் குறிக்குமிடத்தில் ‘பொறுப்பேற்பு’ என்னும் சொல்லை இக்கட்டுரை முன்மொழிகிறது. பொறுப்பேற்கப்பட்ட பொதி, பொறுப்பேற்கப்படாத பொதி என்று சொல்லும்போது, ஏற்றவர் யார் என்னும் வினா சொல்லிலிருந்தே எழுகிறது. பராமரிப்பாளர் இல்லாத நிலைக்குக் ‘கைவிடப்பட்ட’ என்பதும், இயலாமைக்குக் ‘கையாள இயலாத’ என்பதும் போதும். புதுச்சொல் படைக்கும் ஆசையால் இது முன்மொழியப்படவில்லை. மூன்று பொருள்களுக்கு மூன்று சொற்கள் ஏற்கெனவே வழக்கில் இருக்க, ஒன்றையே பயன்படுத்த வேண்டியதில்லை என்பதே கருத்து.

8. நூலகங்கள் செய்யத்தக்கவை

தமிழ் ஆய்வுக்குரிய கருவிகளுட் பல, வணிகத் தேவை குறைந்தவை என்பதால், நிறுவனப் பொறுப்புக்கு வெளியே நிற்க நேர்கிறது. எழுத்துணரி இதற்கு ஒரு சான்று. தமிழ்த் தரவுக் கோப்பினால் பாதுகாப்புக் கேடு விளைவது அரிது. ஆனால் வெளியிலிருந்து வரும் படிமங்களைத் திறந்து படிக்கும் இயந்திரமும் அது சார்ந்துள்ள படிம நூலகமும் எச்சரிக்கைக்கு உரியவை. அன்பளிப்பாளர் அனுப்பும் கோப்புகளைத் திறப்பது நூலகத்தின் அன்றாடப் பணி. ஆகவே நம்பத்தகுந்த உள்ளீட்டிற்கு மட்டும் என்னும் வரையறை நூலகத்துக்குப் பொருந்தாது.

இக்காரணத்தால் மூன்று நடைமுறைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. முதலாவது, எண்ணிமப்படுத்தும் கணினியில் உள்ள முதன்மைப் பொதிகளுக்கு ஒரு பதிவேடு வைத்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்றவர், பொறுப்பின் எல்லை, முடிவு நாள் ஆகிய மூன்றையும் எழுதுதல். டெபியன், உபுண்டு, ஆர்ச் ஆகிய மூன்றிலும் இதற்குரிய கருவிகள் உள்ளன. இரண்டாவது, பொறுப்பேற்பார் இல்லாத பொதியை விலக்குவதற்கு மாறாக, அதனைத் தனிக் கணினியில் வைத்து, வலையமைப்பிலிருந்து பிரித்துப் பயன்படுத்துதல். தமிழுக்கு வேறு கருவி இல்லாத இடத்தில் விலக்குதல் என்பது பணியையே நிறுத்துவதாகும். மூன்றாவது, நாம் நம்பியுள்ள பொதிக்கு நம்மவர் சிலரையேனும் பராமரிப்பாளராகப் பயிற்றுதல். சமூக வழங்கலில் சமூகம் என்பது பிறர் மட்டும் அன்று.

மூன்றாவது நம்மால் இயலாததன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் திறந்தால், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோர் பெயர்கள் முகப்பிலேயே காணப்படும். ஊதியமின்றிச் செய்த பணிக்குப் பெயரோடு பொறுப்பேற்ற தன்னார்வலர் பலர். பாடத்தில் ஐயம் எழுந்தால் எவரிடம் கேட்பது என்பது வாசகருக்குத் தெரிந்தது. பொதிகளுக்கும் நாம் வேண்டுவது அத்தகைய முகப்பே.

9. முடிவுரை

மூன்று வழங்கல்களையும் ஒப்பிடுமிடத்து, டெபியன் எல்லையை நுணுக்கமாக வகுத்து, கேட்பவர்க்குச் சொல்கிறது. உபுண்டு பராமரிப்புக்கெனத் தனி அளவுகோல் வகுத்தும், அழகிய பெயரால் அதனை நெடுங்காலம் மங்கச் செய்து, அண்மையில் சந்தாவின் வழியாக வெளிப்படுத்துகிறது. ஆர்ச் முகப்பிலேயே மறுத்துவிட்டு, சுமையை முழுவதும் பயனரிடம் ஒப்படைக்கிறது. இவற்றுள் எதுவும் பயனரை ஏமாற்றவில்லை. ஆனால் மூன்றும், வெவ்வேறு அளவில், பயனர் தாமே கேட்டறிய வேண்டிய நிலையில் அவரை விடுகின்றன.

ஆகவே கேட்கப் பழகுதல் நம் கடமையாகிறது. திரையில் ‘ஆதரிக்கப்படுகிறது’ என்னும் சொல் தோன்றும்போது, யாரால், எதற்கு, எதுவரை என்று கேட்டல் வேண்டும். விடை கிடைத்தால் பதிவேட்டில் எழுதுவோம். கிடைக்காவிடின் அப்பொதிக்குப் பொறுப்பேற்பார் இலர் என்று கொண்டு, அடுத்த நூலை வருடுவதற்கு முன் அதற்குரிய ஏற்பாட்டைச் செய்வோம்.